சுருங்கிய நாடும் வளர்ந்த அறிவும்

(பிரெஞ்சு நிலப்படங்கள் நான்கைப் பற்றிய திறனாய்வு)

நூலைத் திறனாய்வது போல நிலப்படத்தையும் திறனாய்தல் கூடுமோ என்று ஒருவர் வினவலாம். நூலுக்கு ஆசிரியன் உண்டு, பொருள் உண்டு, நடை உண்டு. ஆதலின் அதன் நிறையும் குறையும் ஆராய்வதற்கு இடமுண்டு. நிலப்படமோ உள்ளதை உள்ளவாறு காட்டும் கருவி. அளவு சரியாயின் நல்ல படம். பிழையாயின் தீய படம். இதற்குமேல் அதில் ஆராய என்ன இருக்கிறது? பள்ளிச் சுவரில் தொங்கும் படத்தை நாள்தோறும் கண்டு பழகியவர்க்கு இவ்வாறு தோன்றுவது இயல்பே.

ஆயினும், சிறிது நின்று நோக்கினால் நிலப்படத்திற்கும் ஆசிரியன் உண்டு என்பது புலனாகும். யாரோ ஒருவர், யாரோ ஒருவருடைய பொருளுதவி கொண்டு, ஏதோ ஒரு பயன் கருதி அதனை வரைந்திருக்கிறார். எதனைக் காட்டுவது, எதனை விடுவது, எல்லையை எங்கே நிறுத்துவது, ஊர்ப்பெயரை எம்மொழியில் எழுதுவது என்பனவற்றை எல்லாம் அவரே முடிவு செய்திருக்கிறார். நம் இலக்கண நூலார் ஒரு நூலின் பாயிரத்தில் அறியவேண்டுவனவாகச் சில செய்திகளைக் குறித்தனர். ஆக்கியோன் யார், எந்த நூலின் வழிவந்தது, அதன் எல்லை யாது, கேட்போர் யாவர், பயன் என்ன என்பன அவற்றுட் சில. இவ்வைந்து வினாக்களையும் நிலப்படத்தை நோக்கியும் கேட்கலாம். கேட்டால் அது விடை கூறும்.

இம்முறையைச் சோதித்துப் பார்ப்பதற்குப் பிரெஞ்சு நாடு ஏற்றதோர் இடம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டார்க்குத் தம் நாட்டின் வடிவம் செவ்வையாகத் தெரியாது. மூன்று நூற்றாண்டுகள் கழிந்தபின் ஊர், ஆலை, சோலை எல்லாம் குறித்த பெரும்படம் ஒன்று அவர்களிடம் இருந்தது. இவ்விடைக் காலத்தில் தோன்றிய படங்களுள் நான்கினை இங்கு ஆராய்வோம். அவற்றுள் இறுதியிலுள்ள பெரும்படத்தையே அறிஞர் பலரும் தலைசிறந்ததாகப் போற்றுவர். அளவின் செம்மையை மட்டும் நோக்கினால் அது சரியே. ஆனால், படிப்போர்க்கு உண்மையாக நடந்துகொண்ட படம் எது என்று கேட்டால் வேறொன்றையே முதலில் வைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

சீசர் கண்ட நாடு

முதற்கண் ஓரோன்ஸ் ஃபினே என்பாரின் படத்தை எடுத்துக்கொள்வோம். இவர் 1494-ஆம் ஆண்டில், ஆல்ப்ஸ் மலைப் பகுதியிலுள்ள பிரியான்சோன் என்னும் ஊரில் பிறந்தவர். முதலாம் பிரான்சுவா மன்னர் பாரிஸ் நகரில் அரசப் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தியபோது கணிதத்திற்கு முதலில் அமர்ந்த பெருமை இவருடையது. இவரது பிரெஞ்சு நாட்டுப் படம் 1525-இல் வெளிவந்தது. நான்கு மரப்பலகைகளில் செதுக்கி அச்சிட்டது. நான்கு தாள்களையும் சேர்த்து ஒட்டினால் ஒரு படமாகும். அதன் பெயர் லத்தீன் மொழியில் அமைந்தது. 'கால்லியா முழுமைக்கும் புதிய விளக்கம்' என்பது அப்பெயரின் பொருள்.

பெயரிலேயே ஆராய்ச்சிக்கு இடமிருக்கிறது. 'பிரான்ஸ்' என்னாது 'கால்லியா' என்றது ஏன்? கால்லியா என்பது ரோமானியர் வழங்கிய பெயர். ஜூலியஸ் சீசர் படையெடுத்து வென்ற நாட்டின் பெயர். அதன் கிழக்கு எல்லை ரைன் ஆறு. ஃபினே வாழ்ந்த காலத்தில் பிரெஞ்சு மன்னரின் ஆட்சி ரைன் ஆற்றை எட்டவில்லை. ஆல்சாஸ், லொரேன் முதலிய பகுதிகள் அவ்வாட்சிக்கு வெளியே இருந்தன. படமோ அவற்றையெல்லாம் உள்ளடக்கி ரைன் வரையிற் பரந்தது. மேலும், படம் வெளிவந்த 1525-ஆம் ஆண்டிலேதான் பாவியா என்னுமிடத்தில் நடந்த போரில் பிரான்சுவா மன்னர் தோற்றுச் சிறைப்பட்டார். நாட்டின் தலைவர் பகைவர் கையில் இருந்த ஆண்டில், அந்நாட்டின் படம் அதன் எல்லையைக் கடந்து நின்றது.

இதனைக் கொண்டு ஃபினே மன்னருக்குப் பிற நாட்டைப் பிடித்துக் கொடுக்க முயன்றார் என்று கூறுவது பொருந்தாது. அவர் ஆசிரியர். பழைய லத்தீன் நூல்களைப் பயில்வோர்க்குப் பண்டைப் பெயர்களையும் தம் காலத்து இடங்களையும் பொருத்திக் காட்டுவதே அவர் நோக்கம் எனலாம். கேட்போர் மாணாக்கர்; பயன் நூற்பயிற்சி. அவ்வளவில் படம் குற்றமற்றது. ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. பழம்பெயர் எப்போதும் பழம்பெயராகவே நின்றுவிடுவதில்லை. 1793-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தாந்தோன் என்னும் புரட்சித் தலைவர், கடலும் ரைன் ஆறும் ஆல்ப்ஸ் மலையுமே பிரெஞ்சுக் குடியரசுக்கு இயற்கை வகுத்த எல்லைகள் என்று பேரவையில் முழங்கினார். ஃபினேயின் படமே அதற்குக் காரணம் என்பது மிகையாகும். எனினும், புலவர் நினைவுக்காக வரைந்த எல்லை ஆள்வோர்க்கு உரிமைச் சீட்டாக மாறுதல் கூடும் என்பதற்கு இது சான்று. தாம் காட்டுவது சீசரின் நாடா, தம் மன்னரின் நாடா என்பதை வேறுபடுத்திக் காட்டும் கோடு ஒன்றை ஃபினே அழுத்தமாக வரைந்திருப்பாராயின் அவர் படம் இன்னும் சிறந்திருக்கும்.

போர்க்காலத்துத் தொகைநூல்

அடுத்து நாம் காண்பது ஒரு தனிப்படம் அன்று; படங்களின் தொகுதி. 'பிரெஞ்சு அரங்கு' என்று பொருள்படும் பெயருடைய அத்தொகுதியை மோரிஸ் பூகெரோ என்னும் அச்சகத்தார் 1594-இல் தூர் நகரிலே வெளியிட்டார். பிரெஞ்சு நாட்டிற்கென்று தனியாக அமைந்த முதல் நிலப்படத் தொகுதி இதுவே என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

இதன் அருமையை உணர அக்காலத்து நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். 1562 முதல் 1598 வரையில் பிரெஞ்சு நாட்டில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சமயத்தாருக்கும் இடையே உள்நாட்டுப் போர் விட்டுவிட்டு நடந்தது. 1589-இல் மூன்றாம் ஹென்றி மன்னர் கொலையுண்டார். அடுத்து உரிமை பெற்ற நான்காம் ஹென்றி சீர்திருத்தச் சமயத்தவர். ஆதலின் பாரிஸ் நகரம் அவரை ஏற்க மறுத்துக் கதவடைத்தது. மன்னர் பக்கத்து அதிகாரிகளும் நீதிமன்றத்தாரும் தூர் நகரில் தங்கியிருந்து அலுவல் பார்த்தனர். இவ்வாறு அரசே இடம்பெயர்ந்து வாழ்ந்த ஓர் ஊரில்தான் பூகெரோ தம் தொகுதியை உருவாக்கினார். ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்து பிரெஞ்சு நாட்டில் தொழில் செய்த கப்ரியேல் தாவெர்னியே என்னும் செதுக்குநர் செப்புத் தகடுகளைச் செதுக்கினார். தொகுதி நான்காம் ஹென்றிக்கே காணிக்கையாக்கப்பட்டது. அதே 1594-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹென்றி பாரிஸ் நகருள் புகுந்தார்.

இனி, இத்தொகுதியின் 'வழி' யாது என்று பார்ப்போம். பூகெரோ நாடெங்கும் ஆளனுப்பி நிலத்தை அளக்கவில்லை. அதற்கு அவரிடம் பொருளும் இல்லை, போர்க்காலத்தில் வழியும் இல்லை. ஆண்ட்வெர்ப் நகரத்து ஓர்ட்டேலியஸ் 1570-இல் வெளியிட்ட உலகப்படத் தொகுதியிலிருந்து பலவற்றை எடுத்தார். தொகுதியின் பெயரிலுள்ள 'அரங்கு' என்னும் சொல்லும் அங்கிருந்து வந்ததே. ஓர்ட்டேலியஸ் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் நிலநூலார். அப்பிலிப்போ ஹென்றியை எதிர்த்தவர்க்குப் படையும் பணமும் உதவியவர். பகை மன்னரின் நிலநூலாரிடமிருந்து எடுத்த படங்களைக் கொண்டே ஹென்றியின் நாடு ஒன்று என்று காட்டவேண்டிய நிலை பூகெரோவுக்கு நேர்ந்தது.

ஓர்ட்டேலியஸிடமிருந்து எடுத்தவற்றோடு உள்ளூர் அறிஞர் வரைந்தவற்றையும் பூகெரோ சேர்த்தார். மேன் பகுதியின் படம் மாசே ஓழியே என்பார் 1539-இல் வரைந்ததன் வழிவந்தது. ஆன்ழூ பகுதியின் படம் 1573-ஐச் சேர்ந்தது. லிமூசேன் பகுதியை ழான் ஃபாயான் என்னும் மருத்துவர் புதிதாக வரைந்து கொடுத்தார். தூர் நகரைச் சூழ்ந்த துரேன் பகுதிக்கும் புதிய படம் கிடைத்தது. சில மாகாணங்களுக்குப் படமே கிடைக்கவில்லை. ஆகவே இதனைத் தொகைநூல் என்பதே தகும். பாடினோர் பலர், தொகுத்தவர் ஒருவர்.

இத்தொகுதியைப் பாராட்டுவோர், போரினால் சிதறிய நாட்டை ஓர் அச்சகத்தார் தாளின்மேல் ஒன்றுசேர்த்தார் என்பர். அப்பாராட்டு நியாயமானதே. அரசின் செயலோடு ஒப்பிட்டால் அதன் அருமை மேலும் விளங்கும். மன்னரின் தாய் கத்தரின் தெ மெதிசி 1560-களில் நிக்கோலா தெ நிக்கோலே என்னும் அரச நிலநூலாரை நாடெங்கும் சென்று ஒவ்வொரு மாகாணத்தையும் விளக்கி எழுதுமாறு பணித்தார். அவர் பெரி மாகாணத்தை 1567-இலும், பூர்போனே மாகாணத்தை 1569-இலும் எழுதி முடித்தார். ஆனால் அவை அக்காலத்தில் அச்சேறவில்லை; கையெழுத்துப் படியாகவே கிடந்தன. அரசன் பெட்டியில் உறங்கிய அறிவைவிடக் கடைத்தெருவுக்கு வந்த அறிவு நாட்டுக்குப் பயன்பட்டது.

குறையும் கூறவேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய படமும் அவ்வாண்டிலேயே வரைந்த படமும் இத்தொகுதியில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றின் அளவு விகிதமும் ஒன்றல்ல. எனினும் பெரும்பாலும் ஒரே செதுக்குநரின் தேர்ந்த கை, எல்லாவற்றிற்கும் ஒரே வகையான எழுத்தும் ஒரே வகையான அழகும் அளித்திருக்கிறது. மலைக்கும் ஆற்றுக்கும் ஊருக்கும் எங்கும் ஒரே குறி. இதனால், நேரில் அறிந்து வரைந்த பகுதியும் பிறர் படத்தைப் பார்த்து வரைந்த பகுதியும் படிப்போர் கண்ணுக்குச் சமமாகவே தோன்றும். எதனை எவ்வளவு நம்பலாம் என்பதைப் படம் சொல்லாது. அழகு நம்பிக்கையை வளர்க்கிறது. அந்நம்பிக்கைக்கு எல்லா இடத்திலும் அடிப்படை இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் ழான் லெக்லேர்க் என்பார் இத்தகடுகளை வாங்கித் தம் தொகுதியில் மீண்டும் அச்சிட்டபோது, பழம்பிழைகளும் புது மெருகோடு வலம் வந்தன.

கரை பின்வாங்கிய கதை

மூன்றாவது படத்தைக் காண்பதற்குமுன், அதனால் திருத்தம் பெற்ற படத்தைப் பற்றி ஒரு சொல். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நிலநூலாருள் முதன்மை பெற்றவர் நிக்கோலா சான்சோன். 1600-இல் பிறந்து 1667-இல் மறைந்த இவர் மன்னர்க்கே நிலநூல் கற்பித்தவர். அஞ்சல் வழிகளைக் காட்டும் இவரது பிரெஞ்சு நாட்டுப் படம் 1632-இல் வெளிவந்தது. இவர் வழியில் இவர் மக்களும் தொழில் செய்தனர். சான்சோன் பெயர் தாங்கிய படத்தை ஐயுறுவார் இலர். ஆனால் அக்குடும்பத்தார் அறைக்குள் அமர்ந்து, நூல்களையும் வழிநடைக் குறிப்புகளையும் பழைய படங்களையும் ஒப்பிட்டு வரைந்தவர்கள். வானத்தை நோக்கி அளந்தவர்கள் அல்லர்.

பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர் 1666-இல் அறிவியற் கழகத்தை நிறுவினார். வரி விதிக்கவும் துறைமுகம் அமைக்கவும் கால்வாய் வெட்டவும் அவருக்குச் சரியான படம் வேண்டியிருந்தது. இத்தாலியிலிருந்து ஜொவான்னி தொமேனிக்கோ காசினி என்னும் வானநூலார் 1669-இல் பாரிஸுக்கு அழைக்கப்பட்டார். ('காசினி' என்பது நம் மொழியில் உலகத்தைக் குறிக்கும் சொல். உலகளக்கும் தொழிலை நான்கு தலைமுறை நடத்திய குடும்பத்திற்கு அப்பெயர் வாய்த்தது வெறும் ஒலி ஒற்றுமையே. ஆயினும், நம் மாணவர் மறவாமல் நினைவிற்கொள்ள அது உதவும்.)

ஓர் இடம் வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்பதை விண்மீன்களின் உயரம் கொண்டு அக்காலத்தார் ஒருவாறு அறிந்திருந்தனர். கிழக்கு மேற்குத் தொலைவை அறிவதே அரிதாக இருந்தது. பூமி ஒரு நாளில் ஒருமுறை சுழல்கிறது. ஆதலின் ஒரு பாகைக்கு நான்கு நிமிட நேரம் வேறுபடும். இரண்டு ஊர்களின் உள்ளூர் நேரங்களை ஒரே கணத்தில் ஒப்பிட முடிந்தால் அவற்றின் இடைத்தொலைவு கிடைத்துவிடும். அந்த ஒரே கணத்தை இரு ஊராருக்கும் அறிவிப்பது யார்? வியாழனின் துணைக்கோள்களே அறிவித்தன. 1610-இல் கலிலியோ கண்டறிந்த அத்துணைக்கோள்கள் வியாழனின் நிழலில் புகுந்து மறைவதும் மீள்வதும் எங்கிருந்து நோக்கினும் ஒரே கணத்தில் நிகழ்வன. அவற்றின் காலக்கணக்கைக் காசினி 1668-இல் அட்டவணையாக வெளியிட்டிருந்தார்.

இம்முறையைக் கையாண்டு பிகார், லா இர் என்னும் இரு அறிஞர் 1679 முதல் 1682 வரையில் நாட்டின் கரையோரங்களுக்குச் சென்று அளந்தனர். மேற்குக் கோடியிலுள்ள பிரெஸ்ட் துறைமுகத்திற்கும் பாரிஸுக்கும் இடையேயுள்ள நேர வேறுபாடு ஏறத்தாழ 27 நிமிடம். சான்சோன் படத்தின்படி அது அதனினும் மிகுதியாக இருந்திருக்கவேண்டும். விளைவு யாது? மேற்குக் கடற்கரை ஏறத்தாழ ஒன்றரைப் பாகை கிழக்கே ஒதுங்கியது. தென்கரை வடக்கே ஏறியது. நாட்டின் பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. பகைவர் கவர்ந்ததைவிட மிகுதியான நிலத்தை என் வானநூலார் என்னிடமிருந்து பறித்துவிட்டனர் என்று லூயி மன்னர் நகைத்ததாக ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அது நெடுநாள் வழங்குவதற்குக் காரணம் உண்டு. போரினால் நாட்டை விரித்த மன்னர் அவர். அவர் பொருளுதவியாலேயே அளந்தவர்கள் நாட்டைச் சுருக்கிக் காட்டினர்.

இத்திருத்தம் 1680-களின் தொடக்கத்தில் கழகத்தார்முன் வைக்கப்பட்டு, 1693-இல் அச்சேறியது. பிகார் 1682-இலேயே மறைந்தமையால் அதனைக் காணும் பேறு பெறவில்லை. 'மன்னரின் கட்டளைப்படி திருத்திய பிரெஞ்சு நாட்டுப் படம்' என்பது அதன் பெயர். 'திருத்திய' என்னும் சொல் தலைப்பிலேயே நிற்பதைக் காண்க. அது மட்டுமன்று. புதிய கடற்கரையை அழுத்தமான கோட்டால் வரைந்த கழகத்தார், சான்சோன் படத்திலிருந்த பழைய கடற்கரையை அழித்துவிடவில்லை. மெல்லிய கோட்டால் அதனையும் அதே தாளில் வரைந்தனர். இரண்டு கோடுகளுக்கும் இடையே பெருகி நிற்கும் கடலைக் காண்போர், முன்னோர் எவ்வளவு பிழைபட்டனர் என்பதை விரலால் தொட்டே அறியலாம். பாரிஸ் வான்நோக்கு நிலையத்தின் வழியாகச் செல்லும் நெடுங்கோடு ஒன்று நடுவே ஓடுகிறது. நாட்டின் உட்பகுதி பெரும்பாலும் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. அளந்தது கரையை, ஆதலின் கரை மட்டுமே வரைந்தனர்.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த நம் புலவர் பாடபேதம் குறிக்கும் முறையை அறிந்த தமிழாசிரியர்க்கு இதன் சிறப்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தாம் கொண்ட பாடம் இது, பிற ஏடுகளின் பாடம் இது என்று இரண்டையும் காட்டும் பதிப்பே படிப்போனை மதிக்கும் பதிப்பு. ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் அச்சிடுவோர், படிப்போனுக்குத் தீர்ப்பளிக்கும் உரிமையில்லை என்று கருதுகின்றனர். 1693-ஆம் ஆண்டின் படம் ஒரு நாட்டின் கடற்கரைக்கே பாடபேதம் காட்டியது. ஆக்கியோர் யார், எதன் வழிவந்த படத்தைத் திருத்தினர், தம் அறிவின் எல்லை எது என்னும் வினாக்களுக்கெல்லாம் அந்த ஒரு தாளிலேயே விடை இருக்கிறது.

இம்முறை பிரெஞ்சுக் கரையோடு நிற்கவில்லை. நமக்கு அண்மையிலுள்ள சயாம் நாட்டிற்கு 1685-இல் லூயி மன்னர் தூதரை அனுப்பியபோது, கணிதம் வல்ல இயேசு சபைத் துறவியரும் கருவிகளோடு உடன் வந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 11-ஆம் நாள் லோப்புரி நகரில் நாராய் மன்னரின் முன்னிலையில் சந்திர கிரகணத்தை நோக்கி அளந்தனர். பழைய படங்கள் சயாமை உண்மையான இடத்திலிருந்து மிகவும் கிழக்கே தள்ளி வைத்திருந்தமை அவர்கள் அளவைகளால் வெளிப்பட்டது. பிரெஞ்சு நாடு சுருங்கியவாறே ஆசியாவின் நீளமும் சுருங்கலாயிற்று.

காசினியாரின் பெரும்படம்

நான்காவது படமே எல்லாரும் புகழும் படம். முதற் காசினியின் பெயரர் மகனாகிய—அதாவது மகன்வழிப் பெயரனாகிய—செசார் பிரான்சுவா காசினி அதன் தலைமை ஆக்கியோர். பிரெஞ்சு நாடு முழுவதையும் முக்கோண வலையால் பிணைத்து அளக்கும் வேலை 1744-இல் ஒருவாறு முடிந்தது. 1747-இல் ஃபிளாண்டர்ஸ் போர்க்களத்தில் அவர் வரைந்த படத்தைக் கண்டு மகிழ்ந்த பதினைந்தாம் லூயி மன்னர், நாடு முழுமைக்கும் அத்தகைய படம் வேண்டும் என்றார். வேலை தொடங்கியது. ஆனால் 1756-இல் அரசு பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. காசினி மனந்தளரவில்லை. பங்குதாரர் ஐம்பதின்மரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்து வேலையைத் தொடர்ந்தார். 1784-இல் அவர் மறைந்தபின் மகன் மேற்கொண்டார். 1793-இல் புரட்சி அரசு படத்தையும் தகடுகளையும் நாட்டுடைமையாக்கியது. மகன் காசினி சிறையும் புகுந்தார். எஞ்சிய தாள்கள் 1815-க்குள் வெளிவந்தன.

அளவு விகிதத்தைக் கேட்போர் வியப்பர். பழைய பிரெஞ்சு அளவையில் ஒரு துவாசுக்கு ஆறு அடி. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். அங்குலத்திற்குப் பன்னிரண்டு கோடு. எனவே ஒரு துவாசு 864 கோடு. நிலத்தில் 100 துவாசு தொலைவைப் படத்தில் ஒரு கோடாகக் காட்டினர். ஆகவே படம் நிலத்தின் 86,400-இல் ஒரு பங்கு. 180-க்கு மேற்பட்ட தாள்கள். சிற்றூர், கோயில், காற்றாலை, நீராலை, காடு, தூக்குமரம் முதலியவற்றிற்கு எல்லாம் தனித்தனிக் குறிகள் உண்டு. இவ்வளவு பெரிய நாட்டை இவ்வளவு நுணுக்கமாக ஒரே அளவில் ஒரே முறையில் காட்டிய படம் அதற்கு முன்பு ஐரோப்பாவில் இல்லை. பூகெரோவின் தொகுதியில் நாம் கண்ட அளவு வேறுபாடு இங்கே முற்றும் நீங்கிவிட்டது. இப்பெருமையைக் குறைத்துக் கூறுவது நன்றியின்மையாகும்.

எனினும் திறனாய்வாளன் மேலும் இரண்டு வினாக்களைக் கேட்டே தீரவேண்டும்.

முதலாவது, மொழியைப் பற்றியது. ஊர்ப்பெயர்களை அளவையாளர் உள்ளூரிற் கேட்டு எழுதினர். நிலவுடைமையாளரும் சமயகுருமாரும் அவற்றைச் சரிபார்த்தனர். நல்ல முறையே. ஆனால் அந்நாட்டில் வழங்கியவை பிரெஞ்சு மொழி ஒன்று மட்டும் அல்ல. மேற்கே பிரெத்தோன் மொழி, தெற்கே ஒக்சித்தான் மொழி, மலையடியில் பாஸ்கு மொழி, கிழக்கே ஜெர்மானியப் பேச்சு எனப் பல இருந்தன. 1794-இல் கிரகுவார் என்னும் பாதிரியார் பேரவைக்கு அளித்த அறிக்கையில், அறுபது இலட்சம் பிரெஞ்சு மக்களேனும் பிரெஞ்சு மொழி அறியாதவர் என்று கணக்கிட்டார். அம்மொழியே அழியவேண்டியவை மற்றவை என்பது அவர் கொள்கை. ஆதலின் எண்ணிக்கையை அவர் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று ஐயுற இடமுண்டு. ஆயினும் பல மொழிகள் வழங்கின என்பதில் ஐயமில்லை. காசினியாரின் படத்தைக் காண்போர்க்கு இச்செய்தி தெரியவே தெரியாது. பல மொழிப் பெயர்கள் பாரிஸ் செவிக்கு ஏற்ற எழுத்தில், ஒரே அச்சு வடிவில் நிற்கின்றன. ஓர் ஊரார் தம் ஊரை எவ்வாறு அழைத்தனர் என்பதற்கும் தாளில் எழுதியதற்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை அளக்க அங்கே இரண்டாவது கோடு இல்லை.

இரண்டாவது, பிழையைப் பற்றியது. அறுபது ஆண்டுக்கு மேல் நடந்த வேலையில் முதலில் அளந்த பகுதிக்கும் பின்னர் அளந்த பகுதிக்கும் வேற்றுமை இருப்பது இயல்பு. தகடுகள் தேய்ந்தபோது செப்பனிடப்பட்டன. புதிய சாலைகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. எது முதலில் இருந்தது, எது பின்னர்ச் சேர்ந்தது என்பதைச் சாதாரணப் படிப்போர் படத்தை நோக்கி அறிதல் அரிது. மலைகளின் உயரம் அளக்கப்படவில்லை. ஆயினும் சரிவுக் கோடுகள் அளந்தாற்போலவே தோன்றுகின்றன. பூகெரோவின் தொகுதியில் கண்ட அதே குறை, மிகவும் உயர்ந்த நிலையில் இங்கும் தொடர்கிறது. செம்மையான வேலை தன் ஐயங்களை மறைத்துவிடுகிறது.

எது தலைசிறந்தது?

இங்கு ஒரு மறுப்பு எழலாம். 1693-ஆம் ஆண்டின் படம் கரையை மட்டும் காட்டியது. அதைக்கொண்டு ஒருவன் அடுத்த ஊருக்கும் வழி காணமுடியாது. காசினியாரின் படமோ படைக்கும் பயன்பட்டது, வணிகர்க்கும் பயன்பட்டது, பொறியியலார்க்கும் பயன்பட்டது. பயனே பாயிரத்தின் முடிவான வினா எனின், பெரும்படத்திற்கு முதலிடம் கொடுக்காதது நேர்மையா?

மறுப்பில் உண்மையுண்டு. வழிப்போக்கன் கையில் கொடுக்கவேண்டியது பெரும்படமே. ஆனால் அப்பெரும்படம் தோன்றியதற்கே 1693-இன் சிறுதாள் வழிவகுத்தது என்பதை எண்ணவேண்டும். சான்சோன் போன்ற பெரியவரின் படமும் பிழைபடும். மன்னரின் பெருமையும் அளவுகோலின்முன் நில்லாது. வானத்தை நோக்கி அளந்ததே செல்லும் என்பதை ஒரு நாட்டார் ஏற்றுக்கொண்ட பிறகே, ஊர்தோறும் அளக்கும் துணிவு பிறந்தது. 1693-இன் படத்தை அன்று மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. நாட்டின் பரப்பு குறைந்ததைப் பகைவர் கேலி செய்வர் என்று அஞ்சி, புதிய கரையை மட்டும் வரைந்து பழைய படங்களை ஓசையின்றி அகற்றியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், மன்னரின் கட்டளை என்ற முத்திரையோடு, குறைந்த பரப்பையும் குறைத்த முறையையும் உலகறிய வெளியிட்டனர். ஆக்கியோர்க்கு மட்டுமன்றி, அதனை அச்சிட இசைந்த அரசுக்கும் இப்பெருமையிற் பங்குண்டு.

ஆகவே நான்கையும் ஒருங்கே நிறுத்தி நோக்கினால் ஃபினேயின் படம் கற்றோர் கனவு. பூகெரோவின் தொகுதி உடைந்த நாட்டார்க்கு ஓர் ஆறுதல். காசினியாரின் பெரும்படம் மூன்று தலைமுறை உழைப்பின் வெற்றி. இம்மூன்றும் படிப்போனை நம்பச் சொல்கின்றன. 1693-இன் தாள் மட்டும் அவனை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது. கல்வியின் நோக்கம் இரண்டாவதே ஆதலின் முதலிடம் அதற்கே உரியது.

நிலநூல் கற்பிக்கும் ஆசிரியரும் மொழி கற்பிக்கும் ஆசிரியரும் இதனைத் தம் வகுப்பில் பயன்படுத்தலாம். ஒரு படத்தைக் காட்டி, இதில் எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்பதோடு நில்லாமல், இதனை வரைந்தவர் யார், எப்படி அறிந்தார், எதனை அறியாமல் விட்டார் என்றும் மாணவரைக் கேட்கச் செய்தல் வேண்டும். அவ்வினாக்கள் பழகிவிட்டால், வரலாற்று நூலையும் செய்தித்தாளையும் இலக்கியப் பதிப்பையும் அவர்கள் அதே கண்ணோடு நோக்குவர். தன் நாடு சிறிதாயினும் உண்மை பெரிதாக வேண்டும் என்று ஒரு காலத்து அறிஞர் துணிந்தனர். அவர்கள் இழந்தது தாளின்மேல் இருந்த கடற்கரை. பிரெஞ்சு நாட்டு உழவன் ஒருவனும் தன் வயலில் ஒரு சாணும் இழக்கவில்லை.